சேதுவுக்கு ‘ஆமா அங்கிள்’ பிடிக்காது

திங்கட்கிழமை காலையில் என் போனில் சேதுவின் பெயர் வந்தால் நான் ஹலோ சொல்வதில்லை. நேரே சண்டைக்குப் போய்விடுவேன். போன மாதம் அந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான். நியூஜெர்சி பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் காபி கலந்துகொண்டே போனை எடுத்து, “என்ன சேது, நேத்து உங்க பையன் இப்படிச் சொதப்பிட்டான்?” என்று ஆரம்பித்தேன். அவர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஒரு இளம் குவாட்டர்பேக், அமெரிக்க ஃபுட்பால் அணியில் பந்தை வீசுகிறவன், முந்தின நாள் ஆட்டத்தின் கடைசியில் பந்தை எதிரணிக்காரன் கையிலேயே வீசிக் கொடுத்துத் தோற்றிருந்தான்.  அந்தப் பக்கத்திலிருந்து, “ரேவதி, நான் மீனா பேசறேன்” என்று அவர் மனைவியின் குரல் கேட்டது. “அவர் போயிட்டார். நேத்து மேட்ச் பாத்துட்டுப் படுத்தவர், காலைல எழுந்திருக்கல.”

மீனா அதற்கப்புறம் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். அந்தத் தோல்வியை முழுசாகப் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு பதிலும் சொல்லாமல் போய்விட்டாரே என்று கோபம். இத்தனை வருஷப் பழக்கத்தில் ஒரு விவாதத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோன ஆள் இல்லை அவர்.

ஜெர்சி சிட்டியில், பிறகு கலிஃபோர்னியா பே ஏரியாவில் ஃப்ரீமான்ட்டில், கடைசியாக டெக்சாஸில் ரவுண்ட் ராக்கில் என்று சேது வேலைக்குப் போன ஊரெல்லாம் ஒரு பழுப்பு சோபாவும் கூடவே போனது. இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு ஊரில் அந்த சோபாவில் உட்கார்ந்து, மீனா வறுத்த கார வேர்க்கடலையைத் தின்றபடி ஆட்டம் பார்த்திருப்பீர்கள். அப்போது நீங்கள் சேது சொன்னதை மறுத்துப் பேசியிருந்தால் என்ன நடந்தது என்றும் ஞாபகம் இருக்கும். ரிமோட்டை எடுப்பார். டிவியின் சத்தத்தை அணைப்பார். உடம்பை முழுக்க உங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு, “சரி, எப்படின்னு சொல்லு” என்பார். நீங்கள் சொல்லி முடிக்கிறவரை ஆட்டத்தில் என்ன பிரளயம் நடந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். சாதாரணமாக அவர் வாய் ஓயாது, அடுத்தவரைப் பேசவே விடமாட்டார் என்பதும் உங்களுக்குத் தெரியும். ‘இல்லை’ என்ற ஒரு சொல்லுக்குத்தான் அந்த வாய் மூடும்.

அந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். நானும் அந்த அறையில் இருந்தேன்.

சேதுவும் நானும் ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் கான்ட்ராக்ட் வேலையில் சேர்ந்த புதிது. அவர் குரோம்பேட்டைக்காரர், நான் ஈரோடு. எங்கள் மேனேஜர் டேவ், திங்கட்கிழமை மீட்டிங்கை வேலையில் ஆரம்பிக்க மாட்டார். “நேற்று ஆட்டம் பார்த்தீர்களா?” என்று ஒவ்வொருவராகக் கேட்பார். எங்களுக்கு ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது. இங்கே முட்டை வடிவத்தில் ஒரு பந்தைக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். தெரியாது என்று சொன்னால் பேச்சு நம்மைத் தாண்டிப் போய்விடும் என்ற பயத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே பதிலைத் தயாராக வைத்திருந்தோம். “யெஸ் டேவ், கிரேட் கேம்.” வாரம் தவறாமல் இது நடந்தது. ஒரு திங்கட்கிழமை சேது அதே பதிலைச் சிரித்த முகத்தோடு சொன்னபோது எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வாரம் உள்ளூர் அணிக்கு ஓய்வு வாரம். ஆட்டமே கிடையாது.

டேவ் நல்ல மனிதர், அவர் சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள். சேதுவின் முகத்தில் ஈயாடவில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் டேவின் அறைக்குப் போய், “எனக்கு ஒன்றும் தெரியாது, முதலிலிருந்து சொல்லுங்கள்” என்று நின்றார். டேவ் வெள்ளைப் பலகையில் வட்டமும் பெருக்கல் குறியுமாகப் போட்டு விளக்க ஆரம்பித்தார். திரும்பி வந்த சேது என்னிடம் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. “ரேவதி, இனிமே தெரியாத விஷயத்துக்குத் தலையாட்ட மாட்டேன். எனக்கு எவனாவது தலையாட்டினா அவனையும் நம்ப மாட்டேன்.”

அன்றிலிருந்து ரயிலில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவர் கையில் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கம்தான். ஒரு வருஷத்தில் டேவுக்கே பாடம் எடுக்கிற அளவுக்கு ஆகிவிட்டார். என்னையும் இழுத்துவிட்டார். என் கணவர் ரகுவை நான் இழுத்தேன்.

ஆட்டத்தைப் பார்க்காமல் பலகாரத்துக்காக மட்டும் சோபாவுக்கு வந்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒன்றை விளக்கிவிடுகிறேன். குவாட்டர்பேக் என்பவன்தான் அந்த அணியை நடத்துகிறவன். பந்து கைக்கு வந்த மறுகணம் எதிரணியின் மலைபோன்ற ஆட்கள் அவனை வீழ்த்தப் பாய்ந்து வருவார்கள். அவனுடைய சொந்த அணியில் சிலரின் ஒரே வேலை, அவனுக்கு முன்னால் நின்று அந்தப் பாய்ச்சலைத் தடுப்பது. அப்படிக் கிடைக்கிற கண்ணிமைக்கும் நேரத்தில், தூரத்தில் ஓடுகிறவர்களில் யாருக்குப் பந்தை வீசுவது என்று அவன் முடிவெடுக்க வேண்டும். ஆண்டுதோறும் அணிகள் கல்லூரிகளிலிருந்து இளைஞர்களை, சிறந்தவர்களை முதல் ரவுண்டில் என்று ரவுண்டு ரவுண்டாகத் தேர்ந்தெடுக்கும்போது, இவன் தேறுவானா மாட்டானா என்று நாடே மண்டையை உடைத்துக்கொள்ளும். உயரம் பார்ப்பார்கள், கையின் பலம் பார்ப்பார்கள், உள்ளங்கையின் அளவைக்கூட அளப்பார்கள்.

“நம்ம ஊர்ல மாப்பிள்ளை பாக்கற மாதிரியே இருக்கு இல்ல?” என்றார் சேது, முதல்முறை அதைப் பார்த்தபோது.

அதை அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். வினை என்னவென்றால், மாப்பிள்ளை பார்க்கும் வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது. அந்தக் காலத்தில் ஊரில் ஒரு பெண்ணுக்கு அமெரிக்க மாப்பிள்ளை பேசினால், இங்கே தெரிந்தவருக்கு போன் வரும். பையனைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள் என்பார்கள். மீனாவின் சித்தப்பா திருச்சியிலிருந்து கூப்பிட்டார். அவர் மகள் கவிதாவுக்கு எடிசனில் ஒரு வரன். சேது அந்தப் பையனை ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வீட்டுக்கு அழைத்தார். உயரம், படிப்பு, வேலை, கிரீன் கார்டு, பணிவு, ஒன்றிலும் குறையில்லை. சேது எது சொன்னாலும், “ஆமா அங்கிள், கரெக்ட் அங்கிள்.” அன்று சேதுவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது, தலையாட்டுகிறவனை நம்ப மாட்டேன் என்ற சபதம் பறந்துவிட்டது. “முதல் ரவுண்டு பையன், கண்ண மூடிட்டுக் குடுக்கலாம்” என்று திருச்சிக்குச் சொன்னார்.

கல்யாணமாகி வந்த கவிதா ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை. அவளுக்கும் ஆமாம் என்பான், அதே விஷயத்தில் அவன் அம்மாவுக்கும் ஆமாம் என்பான், கடைசியில் அம்மா சொன்னது நடக்கும். கவிதா திரும்பிப் போனாள். பிறகு அவள் படித்து வேலைக்குப் போய் நன்றாகத்தான் இருக்கிறாள். சேதுதான் நன்றாக இல்லை. விமான நிலையத்தில் அவளை வழியனுப்பிவிட்டுக் காரில் வரும்போது, “கைய மட்டும் பாத்தேன் ரேவதி. கண்ண பாக்கல” என்றார். 

‘கண்ணைப் பார்’ என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது அதிலிருந்து பிறந்ததுதான். குவாட்டர்பேக்கின் மேல் ஆட்கள் பாய்ந்து வரும்போது அவன் கண் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அவர் பார்ப்பார். தூரத்தில் ஓடும் தன் ஆட்கள் மேலேயே இருந்தால் தேறுவான். பாய்ந்து வருகிறவனைப் பார்த்துக் கண் கீழே இறங்கிவிட்டால் தேற மாட்டான். “கை எல்லாருக்கும் இருக்கு. கண்ணு கீழ போச்சுன்னா அவ்வளவுதான், அது மாறாது” என்பார். மாப்பிள்ளை விசாரிப்பிலும் ஒரு தந்திரம் சேர்ந்தது. வருகிற பையனிடம் ஆட்டத்தைப் பற்றி வேண்டுமென்றே தப்பாக ஒன்று சொல்வார். பெரியவர் சொல்கிறாரே என்று அவன் தலையாட்டினால் கதை முடிந்தது. எத்தனை அம்மாக்கள், ‘அங்கிள் எது சொன்னாலும் எதிர்த்துப் பேசாதே’ என்று சொல்லி அனுப்பி, அதனாலேயே மகனின் வரனைக் கோட்டை விட்டார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

பிறகு அவர் வேலை மாறி ஃப்ரீமான்ட் போனார். அந்தப் பகுதியில்தான் அப்போது பாஸ்கெட்பால் ஆட்டமே தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. நாங்கள் கோடை விடுமுறைக்குப் போனபோது, மீனா தோசை வார்த்துப் போடப் போட, ரகுவும் சேதுவும் மோதிக்கொண்ட மோதல் இருக்கிறதே, தோசைக்கல் ஆறியும் அது ஆறவில்லை. ரகு பழைய ஆட்டத்தின் ரசிகர். முன்பெல்லாம் கூடைக்கு அடியில் ஒரு நெட்டையன் நிற்பான், மற்றவர்கள் வெட்டி வெட்டி உள்ளே புகுந்து அவனிடம் பந்தைச் சேர்ப்பார்கள். இப்போது கூடைக்கு வெகுதூரத்தில் தரையில் வரைந்திருக்கும் அந்த வளைந்த கோட்டுக்கு வெளியே நின்றே எல்லோரும் எறிகிறார்கள். அங்கிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி. நெட்டையனும் வெளியே வந்து எறிகிறான்.

“எல்லாரும் தூரத்துல நின்னு எறியறானுங்க. இது ஆட்டமாடா?” என்றார் ரகு. “அந்தக் கோட்டை இன்னும் நாலடி பின்னாடி தள்ளணும். அப்பதான் அடங்குவானுங்க.”

“கோடு அங்கயேதாண்டா இருந்தது” என்றார் சேது. “இவங்க பொறக்கறதுக்கு முன்னாடியே வரைஞ்சு வெச்ச கோடு. எல்லாரும் தினம் அதை மிதிச்சுட்டுத்தான் உள்ள போனாங்க. ஒருத்தனுக்கும் அங்கயே நின்னு எறியலாம்னு தோணல. தோணினவனையும் கோச் திட்டினார். புதுசுன்னா என்னன்னு நெனைக்கறே? புதுசா விதி போடறது இல்ல. கண்ணு முன்னாடி இருக்கறதை நம்பறது.”

“அழகே போச்சேடா.”

“போகட்டும். வேற அழகு வரும். தடுக்கத் தெரியலன்னா தடுக்கக் கத்துக்கோ. கோட்டைத் தள்ளி வைக்காதே.”

நான் அன்று ரகுவின் கட்சி. இரண்டு பேரும் திரும்பி என்னைக் கேட்டபோது, எனக்கும் அந்தப் பழைய ஆட்டம்தான் பிடிக்கும் என்று சொன்னேன். சேது தோசைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு டிவியை அணைத்து, “சரி, எப்படின்னு சொல்லுங்க” என்றார். நான் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “நல்லா சொல்றீங்க. தப்பா சொல்றீங்க” என்றார். இந்த வழக்கு அதன்பின் ஒவ்வொரு சீசனிலும் வாய்தா வாங்கிக்கொண்டே போனது. சேது ரவுண்ட் ராக் போனபிறகு, எங்கள் வீட்டில் ஆட்டம் ஓடும்போது மேஜை மேல் போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துவிடுவோம். ரகு இங்கே புலம்புவார், போனுக்குள்ளிருந்து சேது பதில் சொல்வார்.

இனி எங்கள் மகள் நித்யாவின் கதைக்கு வருகிறேன். இதை எழுத அவள் அனுமதி கொடுத்திருக்கிறாள்.

நித்யா இங்கே பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொல்லி வளர்ந்தவள். அவள் ஒருநாள் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, அர்விந்த் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னாள். தமிழ்ப் பையன், நல்ல குடும்பம். பே ஏரியாவில் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்திருக்கிறான். முதல் வருஷத்திலேயே அது மூடிவிட்டது. வேலை எதுவும் அமையாமல் டெக்சாஸில் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பிவிட்டான். ரகு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வேலையில்லாம அம்மா வீட்ல உக்காந்திருக்கற பையனுக்கா?” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நித்யா அழவில்லை. அப்பா சம்மதிக்காமல் செய்துகொள்ள மாட்டேன், வேறு யாரையும் செய்துகொள்ளவும் மாட்டேன் என்று அமைதியாகச் சொல்லிவிட்டுத் தன் அபார்ட்மென்ட்டுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றது. ஒரே பெண். நடுவில் நான்.

பையனின் வீடு ரவுண்ட் ராக்கில் என்று தெரிந்ததும் எனக்குத் தோன்றியது சேதுதான். போன் செய்து, கொஞ்சம் விசாரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

“வேணாம் ரேவதி” என்றார் உடனே. “கவிதாவுக்கு நான் பண்ணினது போதும். நித்யா விஷயத்துல நான் தப்பாச் சொல்லிட்டேன்னா எந்த மூஞ்சியோட உங்க வீட்டுக்கு வருவேன்?”

“ரகு பையனைப் பாக்கவே மாட்டேங்கறார். நீங்க ஒரு தடவை பாருங்க. சரியில்லன்னா சரியில்லன்னு சொல்லுங்க, நான் நித்யாகிட்ட பேசறேன்.”

நெடுநேரம் யோசித்துவிட்டு, “ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு எப்படிக் கழிந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் போன் வந்தது. “வேணும்னே தப்பா ஒன்னு சொல்லிப் பாத்தேன்” என்றார் சேது. “பையன் தலையாட்டல. என்கிட்ட சண்டைக்கு வந்துட்டான்.” அவர் குரலில் அப்படியொரு சந்தோஷம். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள், “நான் அங்க வரேன். ரகுகிட்ட நானே பேசறேன்” என்று வைத்துவிட்டார்.

சொன்னபடி வந்தார். எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, விஷயத்தை ஆரம்பித்தார். ரகு கேட்கிற மனநிலையில் இல்லை.

“முதல் வருஷத்தை வெச்சு எந்தப் பையனையும் எடை போடாதே ரகு” என்றார் சேது. “கம்பெனி மூடிப்போச்சுன்னு சொல்றியே, அவனுக்கு முன்னாடி நின்னு யாராவது தடுத்தாங்களான்னு கேட்டியா? கூட இருந்த ரெண்டு பேரும் பாதியில வேற வேலை கெடச்சுப் போயிட்டாங்க. தனியா நின்னு அத்தனை அடியும் வாங்கியிருக்கான். அப்படி வாங்கினா யார் கண்ணும் கீழதான் போகும். முன்னாடி நாலு பேர் நின்னு காப்பாத்திப் பாரு, கண்ணு தானா மேல வரும்.”

“உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவே” என்றார் ரகு. “கவிதாவுக்கு நீ பாத்த பையன் என்ன ஆனான்?”

 அத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் சேதுவிடம் அந்தப் பெயரை எடுத்ததில்லை. ரகுவுக்கும் சொன்ன மறுகணமே முகம் மாறிவிட்டது. சேது கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியைத் தேடுகிற பாவனையில் பேண்ட்டில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

“அதனாலதாண்டா சொல்றேன்” என்றார். “என் வார்த்தையை நம்பாதே. நான் தப்புப் பண்ணினவன். நீ வா. என் வீட்டு சோபால அவனோட உக்காந்து ஒரே ஒரு ஆட்டம் பாரு. அப்புறமும் வேணாம்னா நானே நித்யாகிட்ட வந்து சொல்றேன், உங்கப்பா சொல்றது சரிதாம்மான்னு.”

ரகு அவரோடு போனார். பாதி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்ட குற்ற உணர்ச்சி என்று நினைக்கிறேன். அந்த சோபாவில் அவர்கள் பார்த்தது பாஸ்கெட்பால் ஆட்டம். திரும்பி வந்தவரை நெவார்க் விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்தது நான். காரில் ஏறியவர், ஹைவே ஏறுகிறவரை சீட் பெல்ட்டையே இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். 

“அந்தப் பையனுக்கு பாஸ்கெட்பால் ஒன்னும் தெரியல” என்றார் கடைசியில்.

“என்ன ஆச்சு?”

“ஆட்டம் முழுக்க என்னோட வாதாடறான். கோட்டைப் பின்னாடி தள்ளக் கூடாதாம். சேது வேற கூட சேந்துட்டு.” ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். “மரியாதையாத்தான் பேசறான். ஆனா விட்டுக் குடுக்கல. நித்யாகிட்டயும் இப்படித்தான் இருப்பானா?”

“நித்யாவையே கேளுங்களேன்.”

காரிலிருந்தே அவளுக்கு போன் போட்டார். அப்பாவும் மகளும் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டப் பெரும்பாடு பட்டேன், கண்ணீர் கண்ணை மறைத்துக்கொண்டே இருந்தது. கல்யாணம் இங்கே கோவில் மண்டபத்தில் நடந்தது. அதற்குள் அர்விந்துக்கு ஆஸ்டினில் வேலை கிடைத்திருந்தது. தாலி கட்டி முடித்ததும் சேது மேடையேறி மாப்பிள்ளையின் காதில் ஏதோ சொல்ல, அவன் சத்தமாக, “நோ அங்கிள்” என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். போட்டோவில் அது இருக்கிறது.

போன மாதம் ரவுண்ட் ராக் வீட்டில் காரியங்களெல்லாம் முடிந்து, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிய பிறகு, மீனாவும் நானும் அந்த சோபாவில் உட்கார்ந்திருந்தோம். சேது உட்காரும் மூலையை யாரும் தொடவில்லை. அர்விந்தும் நித்யாவும் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஏதாவது பேசவேண்டுமே என்று நான், “எத்தனை பசங்களை இந்த சோபால உக்காத்தி வெச்சு டெஸ்ட் பண்ணினார்? வேணும்னே தப்பாச் சொல்லி மாட்டிவிடறதுல அவரை மிஞ்ச முடியாது. அர்விந்த் ஒருத்தன்தான் தப்பிச்சான்” என்றேன்.

மீனா என்னைப் பார்த்தாள். “அர்விந்தை டெஸ்ட் பண்ணினேன்னா சொன்னார் உங்ககிட்ட?”

“ஆமா. மறுநாளே சொன்னாரே.”

“மத்தவங்ககிட்டயெல்லாம் வேணும்னே தப்பாச் சொல்வார், அது நெஜம்” என்றாள் மீனா. “அன்னிக்கு அப்படி இல்ல ரேவதி. அவர் கடைசியா பாத்த ஆட்டத்துல தோத்தானே, அந்தக் குவாட்டர்பேக் பையன் வந்த முதல் வருஷம். அடி மேல அடி வாங்கிட்டிருந்தான். கண்ணு கீழ போயிடுச்சு, இவன் தேற மாட்டான், தூக்கிப் போட்டுட்டு வேற ஆளைப் பாக்கணும்னு இவர் சொன்னார். மனசார நம்பித்தான் சொன்னார். நான் கிச்சன்ல நின்னு கேட்டுட்டிருந்தேன். அர்விந்த் தயங்கித் தயங்கி, இல்ல அங்கிள், அவனுக்கு முன்னாடி நிக்கறவங்க சரியில்ல, காப்பாத்திப் பாருங்க, கண்ணு மேல வரும்னான். இவர் டிவியை மியூட் பண்ணினார். அதுக்கப்புறம் ஆட்டம் முடியறவரைக்கும் சத்தமே வெக்கல. அந்தப் பையன் போனப்புறம் என்கிட்ட வந்து, மீனா, இத்தனை வருஷமா நான் ஊருக்கெல்லாம் தப்பாச் சொல்லிட்டிருந்திருக்கேன்னார்.”

 யோசித்துப் பார்த்தபோது, அந்த சீசன் முழுக்கத் திங்கட்கிழமைகளில் அவர் அந்தக் குவாட்டர்பேக்கைத் திட்டித் தீர்த்தது நினைவுக்கு வந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை அவன் ‘நம்ம பையன்’ ஆகிவிட்டான். எப்போது கட்சி மாறினார், ஏன் மாறினார் என்று நான் கேட்டதே இல்லை. முதல் வருஷத்தை வைத்து எடை போடாதே என்று என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து அவர் சொன்னதெல்லாம் அர்விந்தின் வார்த்தைகள். அர்விந்த் தன்னைப் பற்றிச் சொல்லவில்லை, ஒரு விளையாட்டுக்காரனைப் பற்றிச் சொன்னான். அதில் அவனையும் சேர்த்துக் கண்டுகொண்டு, எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தவர் சேது. அந்த ஞாயிற்றுக்கிழமை சோதனையில் தேறியது அவர்தான். அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, வேண்டுமென்றே சொன்னேன் என்று என்னிடம் ஒரு சின்னப் பொய்யும் சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்க்காக இப்போது அவரிடம் சண்டை போட வேண்டும்போல் இருக்கிறது. ஒரு வேலையில்லாத பையன் சொன்னான் என்று, வருஷக்கணக்காகச் சொல்லிவந்ததை ஒரே மத்தியானத்தில் மாற்றிக்கொள்ள எத்தனை பெரிய மனசு வேண்டும். எனக்கு அவரை நினைத்தால் அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

ஊர் திரும்பியபிறகு வந்த முதல் பாஸ்கெட்பால் ஆட்டத்துக்கு நானும் ரகுவும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். பழக்க தோஷத்தில் ரகு போனை எடுத்து மேஜை மேல் வைத்தார். கவனித்தபிறகும் அதை எடுக்கவில்லை. ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், கோட்டுக்கு வெளியேயிருந்து ஒருவன் எறிய, அடுத்தவனும் எறிய, ரகு வழக்கம்போல், “எல்லாரும் தூரத்துல நின்னு எறியறானுங்க. இது ஆட்டமா?” என்றார். சொல்லிவிட்டுப் போனைப் பார்த்தார். பதில் வரவில்லை. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

சேதுவிடமிருந்து நான் எடுத்துக்கொள்ள நினைப்பது ஒன்றே ஒன்றுதான். அதை அப்போதே எடுத்துக்கொண்டேன்.

“இல்ல ரகு” என்றேன். “கோடு அங்கயேதானே இருந்தது.”

ரகு திரும்பினார். “நீ எப்பவும் என் கட்சிதானே?”

“நேத்து வரைக்கும்.”

 ரகு கைநீட்டி ரிமோட்டை எடுத்தார். டிவியின் சத்தத்தை அணைத்தார். உடம்பை முழுக்க என் பக்கம் திருப்பிக்கொண்டு, “சரி, எப்படின்னு சொல்லு” என்றார்.